கம்பம்மெட்டு கேட்டும் வாஷிங்டன் பூட்டும்

2025 அக்டோபர் முதல் தேதி நான் கம்பத்தில் இருந்தேன். அன்று ஆயுத பூஜை. ஜீப் ஸ்டாண்டில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் இட்டு, முகப்பில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். விடியுமுன்னே ஏலத்தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு கம்பம்மெட்டு மலைச்சாலையில் முக்கி முனகி ஏறும் ஜீப்புகள் அவை. அன்று ஒருநாள் பொரியும் கடலையும் படைக்கப்பட்டு ஓய்வாக நின்றன.

காலை ஒன்பதரை மணிக்குச் சித்தி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கைப்பேசியைத் திறந்தேன். வாஷிங்டனில் அப்போதுதான் நள்ளிரவு கடந்திருந்தது. அமெரிக்க நடுவண் அரசு முடங்கிவிட்டது என்ற செய்தி வந்திருந்தது. மாலைக்குள் என் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. "நீங்கள் பணிபுரியும் அரசு அலுவலகத்திலிருந்து, பணியை நிறுத்துக என்னும் ஆணை கிடைத்துள்ளது. சேமிப்பில் உள்ள விடுப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அது தீர்ந்தபின் சம்பளமில்லா விடுப்பு" என்பது அதன் சாரம். ஊருக்குப் போக என்று ஓராண்டாகச் சேர்த்து வைத்திருந்த விடுப்பு பதினோரு நாள். திரும்பிப் போகும்போது கணக்கில் ஒன்றும் மிஞ்சாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நம் சங்க உறுப்பினர்களில் என்னைப் போல் ஒப்பந்தப் பணியில் இருப்போர் ஏராளம். பொங்கல் விழாவில் சந்தித்த இதழாசிரியர், "முடக்கக் காலத்தில் யாருக்குச் சம்பளம் உண்டு, யாருக்கு இல்லை, ஏன் இல்லை என்று எல்லோருக்கும் விளங்கும்படி எழுதித் தாருங்கள்" என்றார். நான் சட்டம் படித்தவனல்லன். ஆனால் இதை ஒருமுறை சித்திக்கு விளக்கியிருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முப்பது ஆண்டுகளாக ஏலக்காய் எடுக்க மலையேறும் அவர் கேட்ட கேள்விகள் எங்கள் கம்பெனிக் கூட்டங்களில்கூட யாரும் கேட்காதவை. ஆகவே அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

"கவர்மெண்டுக்குமாப்பா பூட்டுப் போடுவாங்க?" என்பதுதான் முதல் கேள்வி.

போடுவார்கள். அமெரிக்க அரசின் நிதியாண்டு அக்டோபர் முதல் தேதி பிறக்கிறது. அதற்குள் பன்னிரண்டு நிதி ஒதுக்கீட்டுச் சட்டங்களைக் காங்கிரஸ் நிறைவேற்ற வேண்டும். இல்லையேல் பழைய ஒதுக்கீட்டைச் சில வாரங்களுக்கு நீட்டித்து ஓர் இடைக்காலச் சட்டமாவது போட வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் கருவூலத்திலிருந்து பணம் எடுக்க வழியில்லை. ஒதுக்கீடு இல்லாமல் அரசு அதிகாரி செலவு செய்வது குற்றம் என்று ஒரு பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் இருக்கிறது. அதே சட்டம், சம்பளமின்றி உழைக்க யாராவது தாமாக முன்வந்தாலும் ஏற்கக் கூடாது என்கிறது. உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகளுக்கு மட்டும் விலக்கு. சும்மாவாவது வந்து செய்கிறேன் என்றாலும் விடமாட்டார்கள் என்றதும் சித்தி சிரித்துவிட்டார்.

இந்த வழக்கம் ஆதிகாலத்திலிருந்து வந்ததன்று. ஒதுக்கீடு சில நாள் தாமதமானாலும் அலுவலகங்கள் சிக்கனமாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. அன்றைய அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி 1980, 1981ஆம் ஆண்டுகளில் அந்தப் பழைய சட்டத்துக்குக் கண்டிப்பான பொருள் சொன்ன பிறகுதான் கதவடைக்கும் பழக்கம் வந்தது. 1995-96இல் 21 நாள், 2013இல் 16 நாள், 2018-19இல் 35 நாள், 2025இல் 43 நாள் என்று வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் இப்படி நேர்வதில்லை. வரவு செலவுத் திட்டம் முழுமையாக நிறைவேறும்வரை செலவுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க அரசியல் சட்டத்தின் 116ஆம் பிரிவு வழி செய்கிறது. மக்களவையில் நிதிக் கோரிக்கை தோற்றால் அரசு பதவி விலகும். அலுவலகம் பூட்டப்படாது. நம்மூரில் ஆட்சி போகும், ஆபீஸ் நடக்கும். அங்கே ஆட்சி இருக்கும், ஆபீஸ் நடக்காது. இதில் எது மேல் என்று எனக்கே சில சமயம் குழப்பமாக இருக்கிறது.

இரண்டாவது கேள்வி, "செக்ரோல்ல உன் பேரு இருக்கா?"

எஸ்டேட் வாழ்க்கை தெரியாதவர்களுக்கு: செக்ரோல் என்பது தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவேடு. அதில் பெயர் இருந்தால் சட்டப்படியான சலுகைகள் உண்டு. கம்பத்திலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் தினமும் ஜீப்பில் ஏறி வந்து, கங்காணி மூலம் வேலை பார்த்து, இருட்டுமுன் இறங்கிப் போகிறவர்கள் வெளியாட்கள். ஒரே வரிசையில், ஒரே செடியில், ஒரே காய்தான் எடுக்கிறார்கள்.

என் பெயர் செக்ரோலில் இல்லை, சித்தி. ஏழாண்டுகளாக ஓர் அரசு அலுவலகத்தில், அரசு ஊழியர்கள் நடுவே, அவர்கள் கணினி முறைமையைச் சோதித்துச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். அடுத்த மேசைக்காரர் அரசு ஊழியர். நான் ஒரு கம்பெனியின் ஆள். அந்தக் கம்பெனியும் நேரடியாக அரசிடம் ஒப்பந்தம் பெற்றதன்று. பெரிய கம்பெனி ஒன்று ஒப்பந்தம் எடுத்து, அதில் ஒரு பகுதியை எங்களுக்குக் கொடுத்திருக்கிறது. "அப்ப உனக்கும் கங்காணிக்கு மேல கங்காணி" என்றார் சித்தி. இதைவிடச் சுருக்கமாக இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முடக்கம் முடிந்ததும் அடுத்த மேசைக்காரருக்கு விட்டுப்போன நாட்களுக்கெல்லாம் சம்பளம் வரும். முன்பெல்லாம் ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும் காங்கிரஸ் தனியே சட்டம் போட்டுக் கொடுத்தது. 2019 ஜனவரியில், 35 நாள் முடக்கத்தின் நடுவிலேயே, இனி எப்போது முடக்கம் வந்தாலும் அரசு ஊழியருக்கு நிலுவைச் சம்பளம் உண்டு என்று நிரந்தரமாகச் சட்டம் இயற்றினார்கள். 2025இல் வெள்ளை மாளிகைத் தரப்பில் இதற்கு வேறு பொருள் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் முடக்கத்தை முடித்த சட்டமே நிலுவையை உறுதி செய்தது.

அந்தச் சட்டத்தில் ஒப்பந்தப் பணியாளர் என்ற சொல்லே இல்லை. அரசு எங்கள் கம்பெனியிடம் வாங்குவது ஆட்களை அன்று, மணி நேரங்களை. செய்த மணிக்குப் பட்டியல் போட்டால் பணம் வரும். செய்யாத மணியைப் பட்டியலில் போட முடியாது. கம்பெனிக்கு வராத பணம் என் கைக்கு எப்படி வரும்? நிலுவைச் சட்டம் செக்ரோலைப் பார்த்துக் கொடுக்கிறது. ஒப்பந்தம் வேலையைப் பார்த்துக் கொடுக்கிறது. வேலையை நிறுத்தியது அரசேயானாலும் இதில் மாற்றமில்லை.

இதைச் சொல்லி முடித்தபோது சித்தி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கேட்டு அடைச்சப்ப எங்களுக்கு நடந்ததுதானே இது" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவரோடு ஜீப்பில் மேலே போனேன். சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி, உச்சியில் கம்பம்மெட்டில் மாநிலம் மாறுகிறது. இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. இரு பக்கமும் சோதனைச் சாவடி. கீழே பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமும் நெல்லும். மேலே நான்கு எட்டு வைத்தால் குளிரும் மலையாளப் பெயர்ப்பலகையும். கேட்டுக்கு அருகிலிருந்த டீக்கடையில் நிறுத்தினார்கள். அங்கே நின்றபடி சித்தி 2011ஐச் சொன்னார்.

அந்த ஆண்டு டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியது. குமுளியிலும் கம்பம்மெட்டிலும் கலவரம், 144 தடை உத்தரவு, மலைச்சாலைகள் அடைபட்டன. ஏலக்காய் பறிப்புக் காலம் அது. மேலே தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, மூட்டையும் பிள்ளையுமாகக் காட்டுப் பாதையில் கால்நடையாக இறங்கி வந்தன. கீழேயிருந்து தினமும் போகிறவர்களுக்கு வாரக்கணக்கில் வேலை இல்லை. செடியில் காய் பழுத்து உதிர்ந்தது. முதலாளிக்கும் நட்டந்தான் என்பதைச் சித்தி மறுக்கவில்லை. அவருடைய முதலாளி நல்லவர். வேலை செய்த நாட்களின் கூலியைக் கணக்குப் பார்த்து, வழி திறந்ததும் கங்காணியிடம் கொடுத்தனுப்பினார். அடைபட்ட நாட்களுக்கு எதுவும் இல்லை. யாரிடம் கேட்பது என்பதும் தெரியவில்லை.

"அந்தா நிக்கிறாரு பாரு, அவரு மாதிரி ஒருத்தருதான் எங்களைப் போகக் கூடாதுன்னு நிப்பாட்டினாரு. மேலேர்ந்து சொன்னதைத்தான் அவரும் செஞ்சாரு, பாவம். ஆனா அவருக்கு அன்னைக்குச் சம்பளம் உண்டு" என்று சாவடிப் பக்கம் கையைக் காட்டினார்.

2020 மார்ச்சில் மறுபடி கேட்டு விழுந்தது. இம்முறை நாடு முழுவதற்கும். மார்ச் 24 நள்ளிரவு முதல் ஊரடங்கு. அந்த நாட்களில், போடிக்கு அருகே இராசிங்கபுரம் பகுதியைச் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்கள், சாலை வழியில்லாமல் மலைப்பாதையில் ஊர் திரும்பியபோது காட்டுத்தீயில் சிக்கினார்கள். ஒரு குழந்தை உட்படச் சிலர் மாண்டு போனார்கள். ஜீப் ஓடியிருந்தால் ஒரு மணி நேர வழி அது.

இங்கேதான் நான் நம் வாசகர்களிடம் குறிப்பாகச் சொல்ல விரும்புவது வருகிறது. மூடும்போதே, மூடும் நாட்களுக்கு வெளியாட்களுக்கும் கூலி கொடுக்க அரசுகளுக்குத் தெரியும். 2020 மார்ச் 23 அன்று இந்திய நிதி அமைச்சகம் ஒரு குறிப்பாணை வெளியிட்டது. மத்திய அரசு அலுவலகங்களில் உள்ள ஒப்பந்த, தற்காலிக, வெளிநிறுவனப் பணியாளர்கள் ஊரடங்கால் வர இயலாமல் வீட்டில் இருந்தாலும், பணியில் இருந்ததாகவே கருதிச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்றது. நான்கே நாளில், மார்ச் 27 அன்று, அமெரிக்காவில் கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. அதன் 3610ஆம் பிரிவு, கட்டடம் மூடப்பட்டதால் வேலை செய்ய இயலாத ஒப்பந்தப் பணியாளரைத் தயார் நிலையில் வைத்திருக்கக் கம்பெனி கொடுக்கும் விடுப்புச் சம்பளத்தை அரசு ஈடு செய்யலாம் என்றது. அந்தப் பிரிவால் எங்கள் கட்டடத்தில் பலர் தப்பித்தார்கள். செய்யாத மணிக்குப் பணம் கொடுத்தால் வானம் இடிந்து விழும் என்பாருண்டு. அப்போது விழவில்லை.

ஆனால் சித்திக்கு டில்லிக் குறிப்பாணை பொருந்தாது. அது மத்திய அரசு அலுவலகங்களுக்கு. மார்ச் 29 அன்று உள்துறை அமைச்சகம் எல்லா முதலாளிகளும் ஊரடங்குக் காலக் கூலியைப் பிடித்தமின்றித் தர வேண்டும் என்று ஆணையிட்டது. மே மாதம் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்றது. எழுத்தில் பெயரில்லாத நாட்கூலிக்காரர் யாரோடு உட்கார்ந்து பேசுவார்?

ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காமல் ஏமாற்றினால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்று இந்தியாவில் 1970ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அந்தக் கடமை தொடர்கிறது. ஆனால் அதுவும் செய்த வேலைக்கான கூலிதான்.

அமெரிக்காவில் முடக்க நாட்களுக்கு ஒப்பந்தப் பணியாளருக்கும் நிலுவை கொடுக்கும் மசோதா 2019 முதல் பலமுறை வந்திருக்கிறது. மின்னசோட்டா செனட்டர் டீனா ஸ்மித் முன்னின்றார். துப்புரவு செய்வோர், காவலர், உணவகப் பணியாளர் போன்ற குறைந்த வருவாய்க்காரர்களை முதன்மையாகக் கருதியே அது எழுதப்பட்டது. இன்றுவரை சட்டமாகவில்லை. இப்படிப்பட்டவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்ற சரியான கணக்கு அரசிடமே இல்லை. ஒப்பந்தத் தொகை எவ்வளவு என்பதற்குக் கணக்குண்டு, தலைகளுக்கு இல்லை. எங்கள் கட்டட உணவகத்தில் காசாளராக இருக்கும் அம்மையார் எல்சல்வடாரிலிருந்து வந்தவர். கட்டடம் பூட்டினால் சாப்பிட யார் வருவார்கள்? எனக்கு வங்கியில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. அவருக்கு வாரச் சம்பளம்.

இனி, நம்மவர்களுக்குப் பயன்படக்கூடிய சில செய்திகள். முடக்கம் என்றாலே எல்லா ஒப்பந்தப் பணியும் நிற்கும் என்பதில்லை. முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டிலேயே பணம் கட்டப்பட்ட ஒப்பந்தமானால் வேலை தொடரலாம். 2025இல் என் நண்பர்கள் சிலர் ஒருநாள்கூட இழக்கவில்லை. ஆனால் பணம் இருந்தும் கட்டடம் பூட்டியிருந்தாலோ, வேலையைப் பார்த்து ஒப்புதல் தரவேண்டிய அரசு அதிகாரி வீட்டுக்கு அனுப்பப்பட்டாலோ அதுவும் நிற்கும். ஆகவே செப்டம்பர் மாதத்திலேயே மேலாளரிடம், "நம் ஒப்பந்தத்துக்கு எந்தத் தேதிவரை நிதி கட்டப்பட்டிருக்கிறது?" என்று கேட்டு வையுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நான் ஏழாண்டு கூச்சப்பட்டேன்.

வேலை நின்ற வாரத்தில் மின்னஞ்சலைக்கூடத் திறக்காதீர்கள் என்று கம்பெனி சொல்வதற்குக் காரணம் உண்டு. மாதச் சம்பளக்காரர் ஒரு வாரத்தில் சிறிது நேரம் வேலை செய்தாலும் அந்த வாரச் சம்பளம் முழுவதும் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. அதனால்தான் கம்பெனிகள் முழு முழு வாரமாக நிறுத்துகின்றன.

வேலையிழப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். குடியிருக்கும் மாநிலத்தில் அன்று, வேலை செய்த இடத்தில். வர்ஜீனியாவில் குடியிருந்து வாஷிங்டன் நகரில் வேலை செய்தவர் வாஷிங்டனில்தான் கேட்க வேண்டும். நிலுவை பெறும் அரசு ஊழியர் இந்தத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். நமக்கு நிலுவை இல்லாததால் திருப்ப வேண்டியதில்லை. இது பிச்சையன்று, கூச்சத்தால் கேட்காமல் விட்டவர்களை நான் அறிவேன்.

எச்-1பி விசாவில் இருப்போர் ஒன்றை அறிந்திருத்தல் நலம். வேலை இல்லை என்பதற்காக முதலாளி உங்கள் சம்பளத்தை நிறுத்த முடியாது. விண்ணப்பத்தில் ஒப்புக்கொண்ட சம்பளத்தை அவர் கொடுத்தே ஆகவேண்டும். நீங்களாக, உங்கள் சொந்தக் காரணத்துக்காக விடுப்புக் கேட்டால்தான் விலக்கு. ஆகவே, "நானே விரும்பிச் சம்பளமில்லா விடுப்பில் செல்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் நன்கு யோசியுங்கள். புதிய விண்ணப்பமோ வேலை மாற்றமோ திட்டமிடுவோரும் அக்டோபரைத் தவிர்ப்பது நல்லது. தொழிலாளர் துறை மூடியிருந்ததால் 2025 அக்டோபர் முழுவதும் அதற்கான முதற்கட்ட ஒப்புதல் கிடைக்காமல் பலர் தவித்தார்கள்.

சிறு கம்பெனி நடத்தும் நம் உறுப்பினர்களையும் சொல்ல வேண்டும். வேலை நடந்தாலும் பட்டியலுக்குப் பணம் தரும் அலுவலகம் பூட்டியிருக்கலாம். தாமதத்துக்கு அரசு வட்டி தரவேண்டும் என்று 1982 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் அந்த வட்டி பிறகு வரும், ஊழியர் சம்பளம் வெள்ளிக்கிழமை. வீட்டை அடமானம் வைத்துச் சம்பளம் கொடுத்தவர் ஒருவர் நம்மிடையே உண்டு. பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

நான் அக்டோபர் நடுவில் மேரிலாந்து திரும்பினேன். விடுப்பு பதினோரு நாளும் ஊரிலேயே தீர்ந்திருந்தது. பிறகு நான்கு வாரம் சம்பளமில்லை. நவம்பர் 12 இரவு அதிபர் கையெழுத்திட, முடக்கம் முடிந்தது. மறுவாரம் அலுவலகம் போனபோது அடுத்த மேசைக்காரர் கைகுலுக்கி, "உங்களுக்கும் வந்துவிடும் அல்லவா?" என்று கேட்டார். ஏழாண்டு பழகியவர், நல்ல மனிதர். இல்லை என்றதும் அவர் முகம் சுருங்கியது. அவருக்கு அது வரை தெரிந்திருக்கவில்லை. உணவகத்துக் காசாளர் இடத்தில் வேறொரு பெண் இருந்தார்.

அன்றிரவு சித்தியை அழைத்தேன். கம்பத்தில் விடிகாலை, ஜீப் வர இன்னும் கால் மணி இருந்தது.

"தொறந்துட்டாங்களாப்பா?"

"தொறந்துட்டாங்க சித்தி."

"விட்ட நாளுக்கு?"

"இல்ல சித்தி."

"திரும்ப எப்ப அடைப்பாங்க?"

பெரும்பாலான துறைகளுக்கு ஜனவரி 30 வரைக்குந்தான் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றேன். பின்னால் ஜீப் ஒலிப்பான் கேட்டது. "அதுக்குள்ள கொஞ்சம் சேத்து வச்சுக்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.